பாட்டி சேலையில் பிள்ளைக்கு ஒரு குட்டி க்வில்ட்: துணி பொறுக்குவதிலிருந்து ஓரம் அடிப்பது வரை

அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தபோதுதான் முதல்முறையாக ஒரு சின்ன க்வில்ட் தைத்தேன். அம்மாவின் சிவப்புச் சுங்குடி, அக்காவின் பழைய காட்டன் சேலைகள் இரண்டு, நடுவில் அப்பாவின் வேட்டி. பார்க்க அவ்வளவு அழகு. முதல் தடவை துவைத்ததும் சிவப்பு இறங்கி, வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன. அத்தை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தைக்கிறதுக்கு முன்னாடி ஊறப்போட்டுப் பாக்க மாட்டியாடி?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஏழு தைத்துவிட்டேன். ஒன்றுகூடச் சாயம் இறங்கவில்லை.

க்வில்ட் என்றதும் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் கொஞ்சம் திணிப்பு, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையல். இதுதான் க்வில்ட். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்தால் காந்தா. நம் 'கந்தை'க்கு அது உறவுச் சொல். தைக்கும் நூலைக்கூடப் பழைய சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்துக்கொள்வது அங்கே வழக்கமாக இருந்தது. பீகாரில் சுஜனி என்ற பெயரில், பிறந்த பிள்ளையைச் சுற்றுவதற்கென்றே பழந்துணியை இப்படித் தைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் கோதடி. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் 'சித்தி' என்ற பழங்குடி மக்கள் தைக்கும் கவந்தி எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோரும் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வருவார்கள். அவர்கள் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் ஒரு 'பூ' வைக்காவிட்டால் கவந்தி முடிந்ததாகவே அவர்கள் கணக்கில் வராது.

இங்கே நான் சொல்லப்போவது எளிமையான கட்டம் போட்ட விரிப்பு. முடித்தபின் ஏறக்குறைய 30-க்கு 35 அங்குலம் இருக்கும். தையல் மெஷினில் நேர்கோடு போடத் தெரிந்தால் போதும். மெஷின் இல்லை என்றால் முழுவதையும் கையாலேயே தைக்கலாம், நாள்தான் கூடும்.

யாருக்கு, எதற்கு

அளவைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். தரையில் விரித்துப் பிள்ளையைக் குப்புறப் போட 30-க்கு 35 தாராளம். சாய்வு நாற்காலியில் உட்காரும் தாத்தாவின் மடிக்கு 40-க்கு 50 வேண்டும். முதல் முயற்சியிலேயே கட்டில் அளவுக்குப் போகாதீர்கள். பாதியில் நின்றுபோன பெரிய விரிப்பு ஒன்று என் பரண்மேல் நான்கு வருடமாக இருக்கிறது.

பிள்ளைக்குத் தைப்பவர்கள் ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும். ஒரு வயது ஆகும்வரை, தூங்கும் குழந்தை பக்கத்தில் தளர்வான போர்வையோ விரிப்போ இருக்கக் கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. தூளிக்குள்ளும் போடக் கூடாது. விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கையில், தரையில் விரித்து விளையாட விடுவதற்குத்தான் இது. கொடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதே காரணத்துக்காக மணி, பொத்தான், ஜிகினா எதுவும் வேண்டாம். பிள்ளை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

பிறப்பதற்கு முன் குழந்தைக்கென்று எதையும் வாங்கி வைக்காத வீடுகள் நம்மிடம் நிறைய. அப்படிப்பட்ட வீடு என்றால் தைத்து உங்கள் பீரோவிலேயே வைத்திருந்து, தொட்டில் போடும் நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். இறந்துபோனவர் சேலையை எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. சில வீடுகளில் அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் கிடையாது. சில வீடுகளில் பச்சைப் பிள்ளைக்கு அது ஆகாது. ரெண்டும் தப்பில்லை.

துணி

உழைப்பில் பாதி இங்கேதான். சொல்லப்போனால் நல்ல தையலைவிட நல்ல துணி முக்கியம்.

பத்து வருடம் கட்டித் துவைத்து மெத்தென்று ஆன கைத்தறிக் காட்டன்தான் முதல் தேர்வு. சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, வீட்டில் கட்டிய சாதாரண மில் காட்டன், எதுவும் சரி. மதுரையின் சௌராஷ்டிர மக்கள் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் புள்ளிகள் ஐந்து அங்குலக் கட்டத்துக்குள் அழகாக உட்காரும்; பெரிய பூ டிசைன் என்றால் பாதி பூ வெட்டுப்பட்டு, என்னவென்றே தெரியாமல் போகும். பட்டு, சிந்தெடிக், நைலெக்ஸ் எதையும் காட்டனோடு கலக்காதீர்கள். துவைக்கும்போது காட்டன் சுருங்கும் அளவுக்கு மற்றது சுருங்காது. விரிப்பு அங்கங்கே இழுத்துக்கொள்ளும்.

பழைய துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். சல்லடை போலத் தெரியும் இடத்தை ஒதுக்குங்கள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து நன்றாக இழுங்கள், பாவு வாக்கில் (நீளத்துக்கு) ஒருமுறை, ஊடு வாக்கில் (அகலத்துக்கு) ஒருமுறை. கிழிந்தால் இப்போதே கிழியட்டும். சேலையில் இடுப்பில் செருகும் இடமும், காலில் படும் கீழ் ஓரமும் முதலில் நைந்துபோகும். கொசுவத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

எவ்வளவு வேண்டும்? கட்டம் வெட்டும்போது ஐந்தரை அங்குலம், தைத்தபின் ஐந்து. அகலத்துக்கு 6, நீளத்துக்கு 7, மொத்தம் 42 கட்டம். 45 அங்குல அகலச் சேலையில் இரண்டு கரையையும் விட்டால் குறுக்கே ஏழு கட்டம் கிடைக்கும். அதாவது ஆறு சேலை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆறு அங்குலப் பட்டை ஒன்று வெட்டினால் கணக்கு முடிந்தது. "சேலையப் பூராவும் வெட்டிருவியா?" என்று பதறும் அம்மாக்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

பின்பக்கத்துக்கு 36-க்கு 41 அங்குலம் ஒரே துண்டு. சேலை அகலத்தில் ஜாயின்ட் இல்லாமல் வந்துவிடும். நடுவில் வைக்க, கடையில் விற்கும் பாலியஸ்டர் ஷீட்டை நான் வாங்குவதில்லை. நம் ஊர் வெயிலில் பிள்ளைக்கு அது வேர்த்துக் கொட்டும். பழைய நாலு முழ வேட்டியை இரண்டாக மடித்தால் ஏறக்குறைய 36-க்கு 50 அங்குலம் வரும். அதில் 34-க்கு 39 வெட்டினால் ஒரே வேட்டியில் இரண்டு அடுக்கு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் அதோடு ஒரு அடுக்கு ஃபிளானல் சேர்த்துக்கொள்ளலாம்.

சாயம், கஞ்சி, இஸ்திரி

எல்லாத் துணியையும் தனித்தனியாக ஊறப்போடுங்கள். தண்ணீர் நிறம் மாறுகிறதா பாருங்கள். மாறினால் தெளியும்வரை அலசுங்கள். அதன்பின், ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணி இந்த விரிப்புக்கு ஆகாது, எவ்வளவு ஆசைப்பட்டாலும். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எனக்கும் சொன்னார்கள். அந்தச் சிவப்புச் சுங்குடிக்கு அதைச் செய்துதான் இருந்தேன். ஏறி முடிந்த சாயத்தை உப்பு பூட்டி வைக்காது.

மெலிந்த துணி வெட்டும்போது வழுக்கி ஓடும். அதற்குச் சோறு வடித்த கஞ்சியைப் போல் மருந்து கிடையாது. தண்ணீர் கலந்து நீர்க்கக் கரைத்து, துணியை முக்கிப் பிழிந்து, நிழலில் முக்கால்வாசி காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். காகிதம் மாதிரி நிற்கும். தைத்து முடித்தபின் கஞ்சி துவைப்பில் போய்விடும். கஞ்சி போட்ட துணியை வாரக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள், பூச்சி வந்துவிடும்.

வெட்டுதல்

தினசரி காலண்டரின் அட்டை இதற்கென்றே செய்தது போல இருக்கும். அதில் ஐந்தரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று ஒரு புத்தகத்தின் மூலையோடு வைத்துப் பாருங்கள்.

துணியின் நேர்வாக்கைக் கண்டுபிடிக்க ஓரத்தில் ஒரு இழையை உருவுங்கள். உருவிய இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அதோடு அட்டையை ஒட்டி வைத்து வரையுங்கள். வெளிர் துணிக்குப் பென்சில், அடர் துணிக்குத் தேய்ந்துபோன வெள்ளைச் சோப்புச் சில்லு. டெய்லர்கள் காலகாலமாகச் செய்வதுதான். பால்பாயிண்ட் பேனாவைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். கத்தரியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: துணி வெட்டும் கத்தரியில் காகிதம் வெட்ட வீட்டில் யாரையும் விடக்கூடாது.

அடுக்கிப் பார்த்தல்

42 கட்டத்தையும் தரையில் பரப்புங்கள். ஆறு துணி, ஆறு கட்டம் என்பதால் ஒவ்வொரு வரிசையிலும் எல்லாத் துணியும் ஒருமுறை வரும். அடுத்த வரிசையில் எல்லாவற்றையும் ஒரு கட்டம் வலதுபக்கம் தள்ளுங்கள். வலது கோடியில் இருந்தது இடது கோடிக்கு வரும். ஏழு வரிசைக்கும் இப்படியே செய்தால் ஒவ்வொரு துணியும் மாடிப்படி மாதிரி சாய்வாக இறங்கும். யோசிக்கவே வேண்டாம், தப்பாகவும் போகாது.

மொபைலில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அடர்நிறம் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் உடனே தெரிந்துவிடும். திருப்தியானதும், ஒவ்வொரு வரிசையின் முதல் கட்டத்திலும் ஒரு சீட்டில் எண் எழுதிக் குண்டூசி குத்தி, வரிசை வரிசையாக எடுத்து அடுக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஃபேன் காற்று ஒன்று போதும்.

கட்டங்களை இணைத்தல்

மெஷினுக்கு 14-ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் இரண்டரை. தையலுக்கு விடும் துணி கால் அங்குலம். பிளவுஸ் தைத்துப் பழகிய கை அரை அங்குலத்துக்குத் தானாகவே போகும். அதைத் தடுக்க, ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி மெஷின் தகட்டின்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பை ஒட்டியே ஓடட்டும்.

நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர, முதல் வரிசையின் ஆறு கட்டத்தையும் தைத்ததும் அளந்து பாருங்கள். 30½ அங்குலம் இருக்க வேண்டும். 30 தான் வருகிறது என்றால் ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருக்கிறீர்கள். பிரித்துத் தைக்கச் சோம்பலாக இருந்தால், மற்ற ஆறு வரிசையையும் அதே அளவில் தைத்துவிடுங்கள். விரிப்பு அரை அங்குலம் குறையும், யாரும் டேப் வைத்து அளக்கப்போவதில்லை. வரிசைக்கு வரிசை அளவு மாறினால்தான் தொல்லை.

இஸ்திரி போடும்போது ஒன்றாம் வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கம் சாய்த்து அழுத்துங்கள், இரண்டாம் வரிசையை இடப்பக்கம், மூன்றாவதை மறுபடி வலம். இப்படிச் செய்தால் இரண்டு வரிசையை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது மடிப்புகள் எதிரெதிராகக் கொக்கி போட்டதுபோல் உட்காரும். மூலைகள் நான்கும் ஒரே புள்ளியில் சேரும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் குண்டூசி குத்தித் தையுங்கள். எல்லா வரிசையும் சேர்ந்ததும் 30½-க்கு 35½ அங்குலத்தில் மேல்துணி தயார்.

மூன்றையும் ஒன்றாக்குதல்

மொசைக் தரையோ டைல்ஸோ இருந்தால் நல்லது. பின்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, சுருக்கமில்லாமல், ஆனால் இழுபடாமல், நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். அதன்மேல் வேட்டி அடுக்குகள், அதன்மேல் மேல்துணி. கையால் நடுவிலிருந்து வெளியே நீவிவிடுங்கள்.

இப்போது கச்சா தையல். பெரிய பெரிய தையலாக, நடுவிலிருந்து நான்கு பக்கமும், பிறகு மூலைகளுக்கு, கைப்பிடி அகல இடைவெளியில் கோடுகளாக ஓட்டுங்கள். ஊக்கு குத்தியும் செய்யலாம். வேலை சீக்கிரம் முடியும். பிள்ளைக்குத் தைக்கும்போது நான் ஊக்கைத் தொடுவதில்லை. குண்டூசிகளைக்கூட எண்ணி ஒரு டப்பாவில் போட்டு வைத்து, ஒவ்வொரு நாள் முடிவிலும் எண்ணுவேன். ஒருமுறை ஒன்று குறைந்து, இரவு பதினொரு மணிக்கு விரிப்பு முழுவதையும் காந்தத்தால் தடவிக்கொண்டிருந்தேன். கடைசியில் அது என் சேலை முந்தானையில் இருந்தது.

ஓட்டுத்தையல்

சொல்லப்போனால் இதற்காகத்தான் மற்ற எல்லாமே. சாதாரண ஃபுட் போட்ட மெஷினில் இவ்வளவு கனத்தை ஓட்டினால் மேல்துணி நகர்ந்து நகர்ந்து கடைசியில் பை மாதிரி தொங்கும். மேலும் கீழும் ஒரே வேகத்தில் இழுக்கும் வாக்கிங் ஃபுட் இருந்தால் மெஷினில் செய்யுங்கள். இல்லையென்றால் கைதான்.

ஆங்கர் மாதிரியான எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். அதில் மூன்றைப் பிரித்து இரண்டு முழம் வெட்டுங்கள். ஒரு கோட்டுக்கு அது சரியாக வரும். அதைவிட நீளமாக எடுத்தால் சிக்கு விழும். நுனியில் முடிச்சுப் போட்டு, கோடு தொடங்கும் இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியைக் குத்தி, வேட்டி அடுக்குக்குள் ஓட்டித் தொடங்கும் இடத்தில் வெளியே எடுங்கள். நூலைச் சுண்டி இழுத்தால் 'டப்'பென்று முடிச்சு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அந்தச் சத்தம் கேட்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

ஒவ்வொரு கட்ட வரிசைக்கும் மூன்று கோடு: நடுவில் ஒன்று, மேல் ஜாயின்ட்டுக்குக் கால் அங்குலம் கீழே ஒன்று, கீழ் ஜாயின்ட்டுக்குக் கால் அங்குலம் மேலே ஒன்று. நடு வரிசையில் ஆரம்பித்து மேலும் கீழும் போங்கள். மொத்தம் 21 கோடு. ஒரு இரவுக்கு இரண்டு என்று தைத்தால் பதினோரு நாள். அங்குலத்துக்கு ஐந்து தையல் வந்தால் அருமை; நான்கு வந்தாலும் குறையில்லை. சின்னதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் கண்ணுக்கு அழகு. ஊசி நான்கு அடுக்கையும் தாண்டியதா என்று கீழே வைத்திருக்கும் இடது கை விரலால் தொட்டுப் பாருங்கள். நடுவிரலுக்குத் திம்பிள் (ஊசி குத்தாமல் காக்கும் விரல் தொப்பி) போடாமல் ஆரம்பித்தால் மூன்றாம் நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாது.

ஓரம் அடித்தல்

கச்சா தையலைப் பிரித்துவிட்டு, மேல்துணியின் ஓரத்தோடு மற்ற அடுக்குகளையும் சமமாக வெட்டுங்கள். சுற்றளவு 132 அங்குலம். மூலைக்கும் ஒட்டுக்கும் சேர்த்து 144, அதாவது சரியாக நாலு கஜம் பட்டி வேண்டும். இரண்டேகால் அங்குல அகலத்தில், சேலையின் குறுக்கே நான்கு பட்டி வெட்டி இணைத்துக்கொள்ளுங்கள். ஓரங்கள் நேராக இருப்பதால் துணியைச் சாய்வாக வெட்டி எடுக்கும் கிராஸ் பீஸ் தேவையில்லை.

சேலைக் கரையையே பட்டியாக வைக்க ஆசை வரும். நூல் கரை என்றால் தாராளமாக வையுங்கள். ஜரிகைக் கரை வேண்டாம், பிள்ளையின் கன்னத்தை அறுத்துவிடும்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். பிசிறுள்ள பக்கம் விரிப்பின் ஓரத்தோடு சேரும்படி மேல்பக்கம் வைத்து, ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கி, கால் அங்குலத்தில் தையுங்கள். தொடக்கத்தில் ஒரு சாண் பட்டியைத் தைக்காமல் விட்டு வையுங்கள். மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டியை நேர் மேலே தூக்கி மடித்தால் மூலையில் சாய்வான மடிப்பு ஒன்று விழும். அதைக் கலைக்காமல் பட்டியை மறுபடி கீழே இறக்கி, அடுத்த ஓரத்தோடு சேர்த்து, மேலிருந்து தைத்துக்கொண்டு போங்கள். முதல் மூலை சொதப்பும். நான்காவது மூலை நன்றாக வரும். சுற்றி வந்ததும் இரண்டு நுனியையும் அளவாக வெட்டி, ஒன்றோடு ஒன்று தைத்து, மீதியை அடியுங்கள்.

பட்டியைப் பின்பக்கம் புரட்டி, மெஷின் தையலை மறைத்து, கையால் எம்மிங் செய்யுங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய ஒரே வேலை இது.

பெயரும் சலவையும்

பின்பக்க மூலையில் பிள்ளையின் பெயரும் வருடமும் நூலால் எழுதலாம். நான் யார் யார் சேலை என்பதையும் சேர்ப்பேன்: 'அம்மாச்சி சுங்குடி, பெரியம்மா கண்டாங்கி'. மார்க்கர் பேனாவில் எழுதினால் வெளுத்துப்போகும்.

பிறகு ஒருமுறை துவையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. கஞ்சி, சோப்புக் கோடு, கை அழுக்கு எல்லாம் போவதோடு, துணி கொஞ்சம் சுருங்கித் தையல் கோடுகளுக்கு நடுவே மெல்லிய அலைகள் எழும்பும். புதிதாகத் தைத்தபோது இருந்த விறைப்பு போய், வருடக்கணக்கில் புழங்கியது மாதிரி ஆகிவிடும். பச்சைத் தண்ணீர், பூந்திக்கொட்டை அல்லது காரம் குறைந்த சோப்பு, நிழலில் காயவைத்தால் போதும். முறுக்கிப் பிழிய வேண்டாம்.

கொடுக்கும்போது பலரும் "இவ்வளவு கஷ்டப்பட்டுத் தைச்சிருக்கே, அழுக்காக்கக் கூடாது" என்று பீரோவில் பூட்டிவிடுவார்கள். அதனால் நான் கொடுக்கிற பையிலேயே அதே ஆறு துணியிலும் ஆறு அங்குலத் துண்டு ஒவ்வொன்றும், கொஞ்சம் நூலும், ஒரு ஊசியும் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவேன். "கிழிஞ்சா இதை வச்சு ஒட்டுப் போட்டுக்கோ" என்றதும் அக்கா மகள் அங்கேயே தரையில் விரித்து, பிள்ளையை அதன்மேல் போட்டுவிட்டாள். அவன் உடனே அதை நனைத்தும் விட்டான்.